எவ்வளவு நாள் அழ வேண்டும் என்று கேட்ட மகனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தாலே உனக்கு அழுகை வந்துவிடுகிறது, பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். "இன்னும் எவ்வளவு நாள் அழுதா ஆண்டவர் மன்னிப்பாரும்மா?" என்று கேட்டாயே, அதற்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். ஒரே மூச்சில் படிக்காதே, மெதுவாகப் படி.

"எல்லாம் சிலுவையிலே தீர்ந்துபோச்சு, அழாதே, சந்தோஷமா இரு" என்று அங்கே கூட இருக்கிற பிள்ளைகள் சொன்னார்களாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அக்கா உன்னை நம்பிக் கொடுத்த ஐந்து பவுனை அடகு வைத்து, வட்டியும் கட்டாமல் மூழ்கவிட்டுவிட்டு, அவள் கேட்கும்போதெல்லாம் "பத்திரமா இருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இதற்கு உனக்கு வலிக்கவில்லை என்றால்தான் நான் பயந்திருப்பேன். தாவீதும் தன் பாவத்தை மறைத்துவைத்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருந்தவன்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. அடக்கிவைத்த நாட்களில் எலும்புகள் உலர்ந்துபோனதாக 32ஆம் சங்கீதத்தில் அவனே பாடுகிறான். உனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நீயே வாய் திறந்து என்னிடம் சொன்னாய். அந்தத் துக்கத்தை உனக்குள் கொண்டுவந்தவர் ஆண்டவர் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆனால் மகனே, அந்தத் துக்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தை எடுத்து 7ஆம் அதிகாரத்தைப் படி. அப்போஸ்தலன் பவுல் அந்தக் கொரிந்து சபையாருக்கு ஏற்கெனவே ஒரு கடுமையான கடிதம் எழுதியிருந்தார். அனுப்பின பிறகு, இப்படி மனம் நோக எழுதிவிட்டோமே என்று அவருக்கே கஷ்டமாகிவிட்டது. அப்புறம் மக்கெதோனியாவில் அவருடைய உடன்வேலையாளான தீத்து வந்து அவர்கள் மாறின செய்தியைச் சொன்னதும்தான் ஆறுதல் அடைகிறார். அந்த இடத்தில்தான், "தேவனுக்கேற்ற துக்கம்" மனந்திரும்புதலை உண்டாக்கும், "லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது" என்று எழுதுகிறார். அடுத்த வசனத்தை நிறையப் பேர் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அந்தத் துக்கம் உங்களிடம் என்னவெல்லாம் உண்டாக்கிற்று பாருங்கள் என்று வரிசையாகச் சொல்கிறார்: ஜாக்கிரதை, பயம், ஆவல், பக்திவைராக்கியம். எத்தனை நாள் அழுதீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. கடிதம் அவர்களைத் துக்கப்படுத்தினது "கொஞ்சப்பொழுது" என்றுதான் எழுதுகிறார்.

அதே நிருபத்தில் 2ஆம் அதிகாரத்தையும் பார். சபையில் ஒருவன் தப்பு செய்து தண்டனையும் அடைந்துவிட்டான். அவன் "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" அவனை மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார். மற்றவர்களைத் துக்கப்பட வைத்த அதே பவுல்தான் இங்கே போதும் என்று நிறுத்துகிறார். உனக்கு நான் சொல்ல வந்ததும் இதைத்தான். நீ இப்போது அமிழ்ந்துகொண்டிருக்கிறாய். சரியாகச் சாப்பிடுவதில்லை, வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போனாலும் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்காமல் பின்னால் உட்கார்ந்துவிடுகிறாய், அறையில் யாரோடும் பேசுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யூதாஸை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். அவன் மனஸ்தாபப்படாதவன் இல்லை. "குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று வாயால் அறிக்கை செய்தான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் தனியாகவே போனான். பேதுருவும் அதே இரவில்தான் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்து, வெளியே போய் மனங்கசந்து அழுதான். ஆனால் ஞாயிறு காலையில் ஸ்திரீகள் வந்து செய்தி சொல்லும்போது அவன் மற்ற சீஷர்களோடு இருக்கிறான், கேட்டதும் கல்லறைக்கு ஓடுகிறான். கல்லறையில் தூதன் சொல்லி அனுப்பியதையும் மாற்கு எழுதியிருக்கிறார்: சீஷரிடத்திற்கும், பேதுருவினிடத்திற்கும் போய்ச் சொல்லுங்கள். அவன் பேரை மட்டும் தனியாகச் சொல்லி அனுப்புகிறார், பார்த்தாயா! பிறகு கடற்கரையில் ஆண்டவர் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்றாந்தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று யோவானில் இருக்கிறது. மன்னிப்புக்குப் பிறகும் அந்த வலி கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. அந்த வலியோடு நிற்கும்போதே, "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று அவனுக்கு வேலை கொடுத்துவிட்டார்.

ஜனங்களிடம் வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு அழுததாக வேதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. சந்தோஷத்தோடே அவரை வீட்டுக்குள் அழைத்தான், பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்புகிறேன் என்றான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நம் ஆராதனையை நினைத்துப் பார். 1662ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் திருவிருந்து முறைமையில், பாவங்களை நினைத்தாலே துக்கமாயிருக்கிறது, அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை என்று எல்லாரும் முழங்காலில் நின்று சொல்கிறார்கள். அங்கேயே அவர்களை விட்டுவிடுவதில்லை. உடனே பாவமன்னிப்பு. அதன்பின் "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று தொடங்கும் ஆறுதல் வசனங்கள். அதற்கும் அப்புறம், உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள் என்ற அழைப்பு. நீ மட்டும் அந்த முதல் ஜெபத்திலேயே மாதக்கணக்கில் முழங்காலில் நிற்கிறாய். எழுந்திரு ஐயா.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அக்காவிடம் நீயே சொல். நான் சொல்லி வைப்பேன் என்று எதிர்பார்க்காதே, அது என் வாயால் போகக் கூடாது. மூழ்கின கதையை முழுசாகச் சொல், அடகு வைத்த தேதியிலிருந்து. ஏன் வைத்தாய் என்று அவள் கேட்டால் மட்டும் சொல், நீயாகக் காரணம் அடுக்காதே. அத்தான் கோபப்படுவார், ஒருவேளை கொஞ்ச நாள் உன்னோடு பேசமாட்டார். பொறுத்துக்கொள். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், நம்பிக் கொடுத்த பொருளில் வஞ்சனை செய்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து பவுனுக்கு ஆறாகக் கொடு. இன்றைக்கு விற்கிற விலைக்கு ஒரே தடவையில் முடியாது, எனக்குத் தெரியும். மாதம் இவ்வளவு என்று அவளிடமே பேசி முடிவு செய். அறையில் கூட இருக்கிற தம்பிகளில் ஒருவனிடமாவது விஷயத்தைச் சொல்லிவை, ராத்திரியில் தனியாகக் கிடக்காதே. இந்த வெள்ளிக்கிழமை திருவிருந்துக்கு முன்னாலேயே அக்காவைக் கூப்பிட்டுப் பேசிவிடு. பேசிவிட்டு, மற்றவர்களோடு நீயும் எழுந்து போய் வாங்கிக்கொள்.

பணத்தை என் கணக்குக்கு அனுப்பாதே. அவள் கணக்குக்கே அனுப்பு.

ஜெபத்துடன்,
அம்மா