கடைசிவரை நின்ற தம்பிக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

காலேஜ் ஸ்டேஷன் ஊர்த் தமிழ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாம் படிக்கும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் மாணவர் வாழ்க்கை எப்படி இருந்தது என்று சென்ற சனிக்கிழமை நாற்பது நிமிடம் தமிழில் பேசினேன். அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும். தொண்டை இடம் கொடுக்கவில்லை.

முதல் நன்றி எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு. இங்கேயே படித்தவர் அவர். அமெரிக்கக் கால்பந்தில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது என்றதும், சமையலறை மேசையில் பதினொரு கொண்டைக்கடலையையும் பதினொரு ராஜ்மாவையும் எதிரெதிரே அடுக்கி உட்கார்ந்துவிட்டார். கொண்டைக்கடலை நம் அணி. ராஜ்மா, கென்டக்கியிலிருந்து வந்த சென்டர் கல்லூரி. 1921 அக்டோபரில் ஹார்வர்டையே 6-0 என்று வீழ்த்திய அணி அது. 1922 ஜனவரி 2 அன்று டல்லஸில் இரண்டும் மோதின. இன்றுபோல் நினைத்தபோதெல்லாம் ஆளை மாற்ற அன்றைய விதி அனுமதிக்கவில்லை. தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர்தான். அடிபட்டவர்களைச் சொல்லிக்கொண்டே பெரியவர் கடலைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டு, புதியவற்றை வைத்தார். மாற்று ஆட்டக்காரர்கள் தீர்ந்துகொண்டே வந்தார்கள்.

பிறகு ஒரே ஒரு கடலையை எடுத்து மேசையின் விளிம்பில் வைத்தார். "இவர்தான் கிங் கில்" என்றார்.

கால்பந்தை விட்டுக் கூடைப்பந்துக்குப் போய்விட்ட மாணவர் கில். அன்று மேலே பத்திரிகையாளர்களுக்கு ஆட்டக்காரர்களை அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் டானா பைபிள் அவரைக் கீழே அழைத்தார். பார்வையாளர் மாடத்துக்கு அடியில், காயம்பட்ட ஒருவரின் சீருடையை மாட்டிக்கொண்டு வந்து, ஆட்டம் முடியும்வரை கோட்டோரம் நின்றார். களத்துக்குள் அவரை அழைக்க வேண்டிய தேவையே வரவில்லை. 22-14 என்று நம் அணி வென்றது. அப்படித் தயாராக நின்றவரைத்தான் இங்கே 'பன்னிரண்டாவது ஆட்டக்காரர்' என்கிறார்கள். பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்றால் தண்ணீர் கொண்டு ஓடுபவர் என்றே கிரிக்கெட்டில் பழகிய எனக்கு, ஓர் ஊரே அந்தப் பெயரை நெஞ்சில் ஏந்துவதன் பொருள் அன்றுதான் விளங்கியது. கைல் மைதானத்தில் நம் மாணவர்கள் இன்றும் ஆட்டம் முழுவதும் உட்காராமல் நிற்பது அவர் நின்ற நிலையில்தான்.

கூஷிங் நூலகத்தின் ஆவணப் பிரிவினருக்கும் நன்றி. பழைய ஆண்டு மலர்களை நான் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். படங்களில் இருந்த மாணவர்கள் எல்லோரும் ராணுவச் சீருடையில் நின்ற ஆண்கள். பெண்களுக்கு முறையான சேர்க்கை 1963இல்தான் தொடங்கியது. இதை விழுங்கிவிட்டு அக்கால ஒற்றுமையை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை. பேச்சில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

உரையைத் திருத்திக் கொடுத்த அக்காவுக்கு ஒரு சொல்லுக்காகத் தனி நன்றி. ஏப்ரல் 21 அன்று நடக்கும் நினைவுக் கூட்டத்தில் மறைந்த மாணவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் உறவினரோ நண்பரோ பதில் குரல் கொடுப்பார். அதை நான் 'இங்கே' என்று எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டு, "நம் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வோம்?" என்று கேட்டு, 'உள்ளேன்' என்று எழுதினார். அரங்கில் அந்தச் சொல்லைச் சொன்னபோது முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

இனி, முதலாண்டில் படிக்கும் மதுரைத் தம்பி. வியாழக்கிழமை காய்ச்சலில் என் குரல் அடியோடு போய்விட்டது. "நீங்கள்தான் பேசப்போகிறீர்கள் அக்கா. முடியாமல் போனால் நான் இருக்கிறேன்" என்றவர், இரண்டே இரவில் மொத்த உரையையும் மனப்பாடம் செய்தார். மிளகுப்பால் புண்ணியத்தில் சனிக்கிழமை குரல் திரும்பியது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கையில் தாள்களைப் பிடித்தபடி, மேடை ஓரத்துத் தூணருகே அவர் கடைசிவரை நின்றார். பக்கத்திலேயே நாற்காலி காலியாக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. திரும்பிப் பார்த்தேன், அவர் உதடுகள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் தொடர்ந்தேன். அரங்கில் யாருக்கும் தெரியாது. இப்போது தெரியட்டும்.

தம்பி, மேசை விளிம்பில் இருந்த அந்தக் கொண்டைக்கடலையை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை வீட்டுக்குச் சாப்பிட வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா