இறுதிக்காலத் துணை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வீடு வீடாகப் போய்த் துணையிருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு உங்கள் கையில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் நேராக வேலைக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ஊரே வந்து நிற்கும். பந்தல் போட ஒருவர், குழி வெட்டவோ விறகு அடுக்கவோ நால்வர், வருகிறவர்களுக்குக் கட்டன் சாயா போட இரண்டு பெண்கள் என்று யாரும் சொல்லாமலே எல்லாம் நடக்கும். அதே மனிதர் அதற்கு முந்தைய மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோது அந்தப் படி ஏறியவர்கள் மிகக் குறைவு. "பாக்க மனசு கேக்கல்ல" என்று விலகி நின்றவர்களே அதிகம். அவர்களுக்கு அன்பில்லை என்று சொல்லமாட்டேன். உள்ளே போய் என்ன பேசுவது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் நிற்கிறார்கள். துட்டிக்கு, அதாவது சாவு விசாரிக்க, வருகிற கூட்டத்தில் சிறு பங்கையாவது உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டுக்குள் அழைத்து வருவதுதான் நம் சங்கத்தின் வேலை. இந்த ஆண்டு செய்ததையும் செய்யத் தவறியதையும் அந்த அளவுகோலால் அளந்தே எழுதியிருக்கிறேன்.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. புற்றுநோய் என்றால் நம் குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கத்தார் பெரும்பாலும் பஸ் ஏறுவது திருவனந்தபுரத்துக்கு. அங்கே வராந்தாவில் காத்துக்கிடந்த நம் ஆட்கள் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள்: கேரளத்து நோயாளி ஊருக்குத் திரும்பிய பிறகும் அவரைத் தேடி ஆள் வருகிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலிநிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலைப்பின்னலாக அது விரிந்தது. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடிகிற எவரும் பயிற்சி பெற்றுச் சேரலாம் என்பதே அங்கே நடைமுறை. கடைக்காரர், ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர் என்று எல்லோரும் சேர்ந்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் ஏன் நடக்கக்கூடாது என்ற கேள்வியில்தான் நாம் தொடங்கினோம்.

வெளிநாட்டில் செவிலியராக இருக்கும் நம் ஊர்ப் பெண் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 'டெத் டூலா' என்ற பெயரில் இந்தத் துணையிருப்பு வளர்ந்து வருவதை எடுத்துச் சொன்னார். பிரசவத்தில் தாய்க்குத் துணை நிற்பவர்களைப் பார்த்து, நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர் 2003இல் மரணப் படுக்கைக்கும் அப்படித் தொண்டர்களைப் பழக்கினார். அங்கே பலர் இதைக் கட்டணம் பெறும் தொழிலாகவும் செய்கிறார்கள். நாம் காசு வாங்குவதில்லை. வாங்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அவர்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து, ஊசி எதிலும் அவர்கள் கை வைப்பதில்லை. நாமும் இந்த ஆண்டு அந்த வரம்பைத் தெளிவாக எழுதிக்கொண்டோம். மருந்து மருத்துவரின் பொறுப்பு. புண்ணுக்கு மருந்து கட்டுவது, குழாய் மாற்றுவது எல்லாம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற செவிலியரின் பொறுப்பு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வலி நிவாரண, ஆதரவு சேவையும் அடங்கும் என்பதே பல வீடுகளுக்குத் தெரியவில்லை. நோயாளியின் பெயரை அவர்களிடம் கொண்டு சேர்ப்பதே பல இடங்களில் நம் முதல் உதவியாக இருந்தது.

பயிற்சி வகுப்பு இரு தடவை நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குதிகாலையும் இடுப்பையும் தினமும் பார்ப்பது, வறண்ட வாயை ஈரப் பஞ்சால் துடைத்து உதட்டில் வாசலின் தடவுவது ஆகியவற்றை எல்லோரும் விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் கடினமாக இருந்தது. "ஒண்ணும் ஆவாது, எழும்பி நடப்பீரு" என்று சொல்லாமல் இருக்க நம்மில் பலருக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. நோயாளிக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்ததும் அவர் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார். வீட்டில் ஒரு வருடத்துக்குள் சாவு நடந்த ஒருவர் தொண்டராகச் சேர விரும்பினால், கொஞ்சம் பொறுக்கச் சொல்வது என்றும் செயற்குழு முடிவு செய்தது. அது அவர்கள் நலனுக்காகவே. யாரும் வருந்த வேண்டாம்.

வீடுகளில் கண்டதைப் பெயர், இடம் சொல்லாமல் பதிவு செய்கிறேன்.

ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த ஒரு பாட்டாவுக்கு வயிற்றில் புற்றுநோய். பிள்ளைகள் வாசலிலேயே நம்மை நிறுத்தி, "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே போனால் பாட்டா, "பிள்ளைய பயந்து கெடக்குதுவ, எனக்குத் தெரியும்னு சொல்லிராதீங்க" என்கிறார். ஒரே கூரையின் கீழ் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் காப்பதாக நினைத்துத் தனித்தனியே அழுதுகொண்டிருந்தார்கள். நம் அண்ணன் ஒருவர் பல நாள் பொறுமையாகப் போய்வந்த பிறகே அந்தப் பேச்சு திறந்தது. அதன் பிறகு பாட்டா கேட்டவை மூன்று. பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வரவேண்டும். வீடு எழுதிக்கொடுத்த விவரத்தை மகளுக்கு அவரே சொல்ல வேண்டும். சாளைக் கறி வேண்டும். தம்பி வந்தார். மகள் கோபப்பட்டாலும் அப்பாவின் வாயாலேயே கேட்டுவிட்டார். சோறு இறங்காத தொண்டைக்குக் கறிச்சாற்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார் மருமகள்.

சாப்பாட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வீட்டாரை மிகவும் வதைப்பது "கஞ்சி இறங்கல்லியே" என்ற கவலைதான். பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோம் என்று பிறகு வருடக்கணக்கில் நொந்துபோகிறார்கள். உடல் அடங்கிக்கொண்டிருக்கும்போது பசியும் அடங்குகிறது. அந்த நேரத்தில் வற்புறுத்தி ஊட்டினால் அது மூச்சுக்குழாயில் போய்த் திணறல்தான் வரும். இதை மருத்துவர் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பத்துத் தடவை சொல்ல ஆள் வேண்டும். கடைசி நாட்களில் மூச்சு நின்று நின்று வருவதும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்பதும் அப்படித்தான். இது வரும் என்று முன்பே தெரிந்த வீட்டில், கடைசி இரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அலறியடித்து ஓடுவது குறைந்திருக்கிறது.

அபினியிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபின் பற்றிய பயம் குறையவில்லை. 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தபின் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 573 கிலோவிலிருந்து 1997இல் 18 கிலோவாகச் சரிந்தது. சட்டப்படி அபினி விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாட்டில்தான் இது நடந்தது. உரிமச் சிக்கலைக் குறைக்க 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். காகிதத்தில் தடை குறைந்தாலும் மாத்திரை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அந்த நாட்களில் பிறந்த பயம் மருந்துக்கடையிலும் வீட்டிலும் அப்படியே இருக்கிறது. எழுதிக்கொடுத்த மாத்திரையை, "மயங்கிப் போவாரு, பழக்கமாயிரும்" என்று மகன் ஒளித்துவைத்த வீட்டை நான் பார்த்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியதை வலி உச்சத்துக்குப் போன பிறகு கொடுப்பதும், கூடவே தரும் மலமிளக்கியை விட்டுவிடுவதும் வழக்கமாக இருக்கின்றன. வலியில் துடிக்கிறவரிடம் ஆறுதல் பேசுவதில் பொருளே இல்லை. முதலில் வலி அடங்க வேண்டும்.

அக்டோபர் 12 அன்று, உலக நோய்த்தணிப்புப் பராமரிப்பு நாளில், பொதுக்கூட்டம் நடத்தினோம். பெரியவர் ஒருவர் எழுந்து, "இதுவும் தலைக்கூத்தல் மாதிரித்தானே?" என்று நேரடியாகவே கேட்டார். கூட்டம் அமைதியாகிவிட்டது. தென்மாவட்டங்களில் படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் அந்த வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. அவருக்கு நம் மருத்துவர் சொன்ன பதிலையே இங்கும் வைக்கிறேன்: நாம் சாவை விரைவுபடுத்துவதும் இல்லை, இழுத்துப்பிடிப்பதும் இல்லை. என் மனதில் உள்ளதையும் சேர்த்துச் சொல்கிறேன். பார்த்துக்கொள்ள ஆளில்லை, வலிக்கு மருந்தில்லை, மருமகளுக்கு ஒரு நாள் ஓய்வில்லை என்ற நிலைமையில்தான் அப்படிப்பட்ட வழக்கம் உயிரோடு இருக்கிறது. நாம் போகிற ஒவ்வொரு வீடும் அதற்கு எதிரானது.

அதே கூட்டத்தில் முன்கூட்டிய மருத்துவ உயில் பற்றி வழக்கறிஞர் விளக்கினார். மீளவே முடியாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டாம் என்று எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் தேதி உறுதி செய்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். படிவம் வாங்கிப்போனவர்கள் நிறைய. கையெழுத்திட்டுத் திரும்பியவர்கள் குறைவு. "என்னைச் சாகக் கொடுக்கவா பாக்கிறீங்க" என்று மகன்மார் சண்டைக்கு வந்த வீடுகளும் உண்டு. இனிமேல் பிள்ளைகளையும் சேர்த்தே கூப்பிட வேண்டும்.

வீட்டில் இறந்தவரைச் சான்றிதழுக்காக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே பிரேதப் பரிசோதனை வரை போய்ச் சிக்கிய குடும்பங்கள் நமக்குத் தெரியும். கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் முன்பே பேசிவைப்பது, 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்வது, யாரிடம் என்ன காகிதம் வாங்குவது என்பதையெல்லாம் ஒரே தாளில் அச்சிட்டுள்ளோம். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றிலும் வைக்க அனுமதி தந்தவர்களுக்கு நன்றி. பங்குத்தந்தை நோயில்பூசுதலுக்குப் போகும் வீடுகளில் நம்மைப் பற்றிச் சொல்கிறார். பள்ளிவாசல் வழியாக, கலிமா சொல்லிக்கொடுக்கத் தெரிந்த இரண்டு பெண்கள் நம்மோடு சேர்ந்திருக்கிறார்கள்.

இறப்புக்குப் பிறகான வேலையில் நாம் பின்தங்கியிருக்கிறோம். அடியந்திரச் சடங்கு முடிந்து பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்ததும் வீடு காலியாகிவிடுகிறது. இரவும் பகலும் பார்த்த மனைவியோ மருமகளோ அதன் பிறகுதான் உடைந்துபோகிறார். நாற்பதாம் நாள் கழிந்த பிறகு ஒருவர் போய்வர வேண்டும் என்று சென்ற ஆண்டே தீர்மானித்தோம். பாதி வீடுகளில்கூட அது நடக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் கடனாக வெளியே இருக்கின்றன. தேவை முடிந்தவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும். இரவுத் துணைக்கு ஆண்கள் போதவில்லை. கடற்கரை ஊர்களில் நாம் இன்னும் கால் வைக்கவே இல்லை. ஆண்கள் கடலுக்குப் போய்விடும் வீடுகளில் நோயாளியோடு பெண் தனியாக இருக்கிறார். அடுத்த ஆண்டின் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த தொண்டர் அக்காவின் குடும்பத்துக்குச் சங்கத்தின் இரங்கல். நாம் துணையிருந்து வழியனுப்பிய அனைவருக்காகவும் அறிக்கை முடிந்ததும் எழுந்து நிற்போம்.

இவ்வறிக்கையை ஏற்குமாறும், கீழ்க்கண்ட இரண்டு தீர்மானங்களையும் நிறைவேற்றித் தருமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, நாற்பதுக்குப் பின்னான வருகையைக் கவனிக்கத் தனிப் பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பது. இரண்டு, கடற்கரை ஊர்களிலிருந்து இருவரைச் செயற்குழுவில் சேர்ப்பது. அடுத்த பயிற்சி ஆவணி இரண்டாம் ஞாயிறு தொடங்கும். சேர விரும்புவோர் வாசல் மேசையில் இருக்கும் நோட்டில் பெயரும் வாரத்தில் எந்த நாள் ஒதுக்க முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போகவும்.

செயலாளர்