சார்த்ர் சாலையில் உதவிய பெரியவருக்கு நன்றி

ஐயா, உங்கள் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பாரீஸிலிருந்து தனியாகக் காரில் சார்த்ர் நகரத்துக்குப் போன வழியில், போஸ் சமவெளியில் டயர் பஞ்சர். சுற்றிலும் கோதுமை வயல்தான், ஆள் நடமாட்டமே இல்லை. ஸ்டெப்னி இருந்தது, ஆனால் ஒரு நட்டு அசையவே மறுத்தது.

டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு வந்தீர்கள். ஸ்பேனர்மேல் ஏறி நின்று ஒரே மிதி! கழற்றிய நட்டுகளை மண் உதிர ஒவ்வொன்றாகச் சட்டையில் துடைத்துத் தந்தீர்கள். பணம் நீட்டியதும் என் கையை மூடிவிட்டு, தொடுவானத்தைக் காட்டினீர்கள். வயலுக்கு மேலே, சார்த்ர் பேராலயத்தின் உயரம் ஒத்துப்போகாத இரண்டு கோபுரங்கள்.

சாயங்காலம் அந்தப் பேராலயத்தில், 1194-இல் அங்கே பற்றிய தீயில் தப்பிய, கண்ணாடி ஜன்னலில் நீல உடையில் இருக்கும் மாதாவின் முன்னால் உங்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ரொம்ப நன்றி ஐயா.