பாலருவிக்கு ஆட்டோ மோடு வேண்டாம் மாப்ள

மாப்ள,

பாலருவியில் நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். எல்லாமே ஆட்டோ மோடு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தண்ணீர் கரையவும் இல்லை, உறையவும் இல்லை, இரண்டுங்கெட்டானாக நிற்கிறது. எல்லாவற்றையும் நாமே வைக்கிற மேனுவலில் எடுத்தால்தான் படம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய், அதெல்லாம் அப்புறம். புனலூரில் இருந்துகொண்டு அருவியும் ரயிலுமாக எடுக்கிற உனக்கு முதலில் வேண்டியது ஷட்டர் பிரையாரிட்டி.

கேனான் என்றால் டயலை ‘டிவி’க்கு (Tv) திருப்பு, நிக்கான், சோனி என்றால் ‘எஸ்’. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று நீ சொல்கிறாய், அதற்குத் தகுந்த அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, கேமரா வைத்துக்கொள்கிறது. வ்யூஃபைண்டரில் வெறும் 4 தெரிந்தால் கால் நொடி, பக்கத்தில் இரட்டைக் கோடு இருந்தால் 4 நொடி. குழப்பிக்கொள்ளாதே.

இதில் சிக்கல் ஒன்றுதான், கேமரா உன் பேச்சைத் தட்டாது. கேமராவோடு வந்த உன் கிட் லென்ஸின் துளை 18 எம்எம்மில் எஃப்/22க்கு மேல் சுருங்காது (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்). நல்ல வெயிலில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, 100 வைத்து எஃப்/22வில் எடுத்தால் 1/50 நொடியே போதும், நீ 1/4 கேட்டால் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே போய்விடும். அப்போதும் க்ளிக் ஆகும், ஆனால் படம் வெள்ளைவெளேர் என்று இருக்கும். பெரும்பாலான கேனானில் அந்த நேரம் அபெர்ச்சர் எண் மின்னி மின்னிக் காட்டும், நீ அதைப் பார்க்காமல் அருவியைப் பார்த்துக்கொண்டிருப்பாய். லென்ஸ் முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி, என்டி8 ஃபில்டர், போட்டால் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும், ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் நம்ம பக்கம் ஆடிச் சாரலில் மேகம் நன்றாக மூடிக்கொண்டால் ஃபில்டர் இல்லாமலே 1/6, 1/8 கிடைத்துவிடும், காசை ஏன் செலவழிக்கிறாய்? லென்ஸைத் துடைக்கப் பழைய வேட்டித்துணி மட்டும் கொண்டு போ. நொடிக்கணக்கில் திறந்துவைத்து அருவியைப் பஞ்சுப் பொதி ஆக்குகிறார்களே, அது எனக்குப் பிடிக்காது. 1/8இல் தண்ணீர் இழை இழையாக இறங்குவது தெரியும்.

குற்றாலம் மெயினருவியில் குளிக்கிற ஆட்களை எடுப்பதானால் கதை தலைகீழ். 1/500 வை. மங்கல் வெளிச்சத்தில் லென்ஸ் முழுக்கத் திறந்தும் போதாமல் அதே எண் மறுபடி மின்னும், அப்போது ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்று. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவதானால் இங்கே விடு, அருவிக்கு 100இலேயே பூட்டிவிடு.

கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிறது என்று வை, 1/500 நொடியில் 2 சென்டிமீட்டர்கூட நகராது, 1/30இல் கால் மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இடுப்போடு திரும்பி ரயிலைத் தொடர்ந்தபடி எடுத்தால் பெட்டிகள் தெளிவாக நின்று பாலம் கலையும். 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது, அந்தப் பாலத்தை ஏன் கலைக்க வேண்டும் என்பேன் நான். கேமராவை அசைக்காமல் ரயிலைக் கலையவிடு.

ட்ரைபாட் என்னிடம் சும்மா கிடக்கிறது, செங்கோட்டை வரும்போது எடுத்துப் போ. அதுவரை கைப்பிடிச் சுவர்மேல் கேமராவை வைத்து 2 நொடி டைமரில் எடு.

மாமா