சசூன் யார் என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

புனேயில் நீ டியூட்டி பார்க்கிற ஆஸ்பத்திரிக்குச் சசூன் என்று பேர் வைத்திருக்கிறார்களே, அவர் வெள்ளைக்காரரா என்று போனில் கேட்டாய். இல்லையம்மா. டேவிட் சசூன் பாக்தாத் யூதர். அவரைப் பற்றி இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பிறந்தது 1792-ல். அப்பா சாலே சசூன், பாக்தாதை ஆண்ட பாஷாக்களின் கஜானாவைப் பார்த்தவர். தாவூத் பாஷாவின் கெடுபிடி தாங்காமல் குடும்பம் பாரசீக வளைகுடாவில் இருக்கும் புஷயர் துறைமுகத்துக்குத் தப்பியது. அங்கிருந்து 1832-ல் டேவிட் பம்பாய்க்கு வந்தார்.

ஆண் பிள்ளைகள் எட்டுப் பேர். அவர்களையே தன் வியாபாரக் கம்பெனியின் கிளைகளாக்கினார். இரண்டாவது மகன் எலியாஸ் 1844-ல் சீனாவுக்குப் போனார். மற்றவர்கள் ஹாங்காங், ஷாங்காய், லண்டன் என்று மாறி மாறிப் போனார்கள். சம்பளக்காரரை நம்பி விட வேண்டிய இடத்தில் சொந்த ரத்தம் உட்கார்ந்திருந்தது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. எழுத்து எபிரேயம், வலமிருந்து இடம். வாய்விட்டுப் படித்தாலோ பாக்தாத் அரபுப் பேச்சு. வழியில் ஒரு கடிதம் அடுத்த கம்பெனிக்காரன் கையில் சிக்கினாலும், அரபு தெரிந்தவனுக்கு எழுத்து புரியாது. எபிரேயம் படித்த ஐரோப்பிய யூதருக்கு எழுத்துக் கூட்ட வரும், பொருள் புரியாது. சரக்கு விலையும் கப்பல் விவரமும் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்படி எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா பம்பாயில் எங்கே கிடைப்பான்? பாக்தாத், பாஸ்ரா பக்கத்திலிருந்து யூதப் பையன்களை வரவழைக்க வேண்டியிருந்தது. வந்தவன் தங்க வேண்டுமே! யூத முறைப்படி பொதுத் தொழுகைக்குப் பதின்மூன்று வயது தாண்டிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இறைச்சி என்றால் முறை தெரிந்தவர் அறுக்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், செத்தால் தனி இடுகாடு. இதில் ஒன்று குறைந்தாலும் குடும்பம் ஊரோடு ஒட்டாது. அத்தனைக்கும் அவர் ஏற்பாடு செய்தார். பம்பாய் பைகுலாவில் 1860-களில் மாகன் டேவிட் ஜெபாலயம் எழுந்தது. பள்ளியில் எபிரேயம், அரபு, ஆங்கிலத்தோடு கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். படித்த பையன் நேராகக் கம்பெனிப் பேரேட்டில் வந்து உட்காருவான். வியாபாரத்திலிருந்து தர்மத்துக்கென்று ஒரு பங்கு தனியே போகும், நம் வியாபாரிகள் மகமை எடுத்து வைப்பது போல. வெள்ளி சூரியன் சாய்ந்தால் சனி சாயும்வரை கொடுக்கல் வாங்கல் கிடையாது. சமூகத் தலைவர் வேறு, முதலாளி வேறு என்று அவரைப் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பேன். 1853-ல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபோதுகூட எபிரேயத்தில்தான் கையெழுத்துப் போட்டார். அங்கியையும் தலைப்பாகையையும் கடைசிவரை விடவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். பருத்தி, நூல், துணி எல்லாம் உண்டு. ஆனால் பெரிய வரும்படி அபினி. மத்திய இந்தியாவில் இருக்கும் மால்வாவின் அபினி பம்பாய் வழியாகச் சீனாவுக்குக் கப்பலேறியது. மற்றவர்கள் சந்தைக்கு வந்த சரக்கை வாங்கினார்கள். சசூன் கம்பெனி மால்வாவிலேயே முன்பணம் கொடுத்து, அறுவடைக்கு முன்பே விளைச்சலைப் பிடித்தது. அதனால் அடக்கவிலை குறைந்தது. 1870-களின் தொடக்கத்தில் ஜார்டின் மாத்திசன் போன்ற பெரிய கம்பெனியே அபினியை விட்டு விலகியது. சீனாவில் எத்தனையோ வீடுகளை அழித்த சரக்கு அது. ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்கிறபோது இதை மறைப்பது நியாயமில்லை.

1864-ல் டேவிட் இறந்ததும் தலைமை மூத்தவர் அப்துல்லாவுக்கு வந்தது, பின்னாளில் ஆல்பர்ட் ஆனவர். சீன வியாபாரத்தைக் கட்டி எழுப்பிய எலியாஸுக்கு அது பொறுக்கவில்லை. 1867-ல் தனிக் கம்பெனி தொடங்கினார். ஒரே ஷாங்காயில் இரண்டு சசூன்கள் போட்டி போட்டார்கள். உழைத்தவன் ஒருவன், பட்டம் ஒருவனுக்கு என்று ஏற்பாடு செய்தால் வேறென்ன நடக்கும்? அடுத்த தலைமுறை லண்டன் சீமான்களோடு கலந்தது. அந்தக் கடித மொழியும் மெல்லப் போய்விட்டது.

உனக்குப் பிடிக்கிற ஒருவரும் இந்தக் குடும்பத்தில் உண்டு. மருமகள் ஃப்ளோரா. 1894-ல் கணவர் சாலமன் இறந்ததும் பம்பாய்க் கம்பெனியைத் தானே ஏற்று நடத்தினார். ஹாஃப்கின் என்ற விஞ்ஞானியின் தடுப்பூசிக்கு ஜனங்கள் பயந்தபோது, தானே போட்டுக்கொண்டு மற்றவர்களையும் கூப்பிட்டார்.

லீவு கிடைத்தால் கேம்ப் பக்கம் போய் ஓஹேல் டேவிட் ஜெபாலயத்தைப் பார். செங்கல் நிறம், மணிக்கூண்டு இருக்கும்; ஆட்டோக்காரரிடம் லால் தேவுள் என்று சொன்னால் போதும். சனிக்கிழமை தொழுகை நாள், மற்ற நாளில் போ. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள், ஆதாரை எடுத்துக்கொள். டேவிட்டின் சமாதி அதே வளாகத்தில் இருக்கிறது. அந்த ஜெபாலயமும் உன் ஆஸ்பத்திரியும் 1867-ல் முடிந்தவை. இரண்டையும் அவர் முழுசாகப் பார்க்கவில்லை.

நைட் டியூட்டியில் சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அப்பா