அந்த இரண்டு பூச்சியங்களும்

அன்புள்ள பிள்ளைக்கு,

முந்தநாள் இரவு வீடு வந்து சேர்ந்தேன். உடம்பு பரவாயில்லை, கால்தான் கொஞ்சம் வீங்கி இருக்கிறது. அம்மா சுடுதண்ணீரில் உப்புப் போட்டுத் தந்தாள்.

போனில் நீ கேட்டாய், "அப்பா, முதல் இரண்டு இரவும் ஏன் பூச்சியம் காட்டுது?" என்று. கரண்ட் இல்லை என்றேன். அது பொய். வன்னியில் இருபது வருடம் எதற்கெடுத்தாலும் கரண்ட் இல்லை என்று சாட்டுச் சொல்லியே பழகிய வாய், முதலில் அதுதான் வந்தது. நீ ரொறன்ரோவில் இருந்துகொண்டு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் என் வருத்தத்துக்குத் தந்த மெஷினின் முகமூடியை நான் எத்தனை மணித்தியாலம் போட்டேன் என்று செயலியில் பார்ப்பாய் என்பது அந்த நேரம் நினைவிலேயே இல்லை. போனில் விளக்கமாய்ச் சொல்ல வெட்கமாய் இருந்தது, அதுதான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக் கோவில்களுக்கு முப்பத்திரண்டு பேர் போனோம். கிளிநொச்சியில் இருந்து பஸ்ஸில் பலாலி விமான நிலையம், அங்கிருந்து சென்னை, பிறகு பன்னிரண்டு நாளும், ஒரு இரவு ரயிலைத் தவிர, ஒரே பஸ். வழிகாட்டித் தம்பி நல்ல பிள்ளை, ஆனால் காலை ஐந்து மணிக்குப் பெட்டிகள் அறை வாசலில் இருக்க வேண்டும் என்பதில் அவன் பட்டாளத்துக்காரன் மாதிரி. பெட்டிகளைக் கொடுத்தேன், மெஷின் பையை மட்டும் கொடுக்கவில்லை. பலாலியில் மடிக்கணினியை எடுக்கச் சொல்வதுபோல அதையும் வெளியே எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். பரிசோதித்த பிள்ளை "ஐயா, இது றைஸ் குக்கரோ?" என்றாள். நல்லவேளை, டொக்டரின் கடிதம் மேல் பையிலேயே இருந்தது. வருத்தத்தின் பெயர், மெஷின் வகை, எனக்கு வைத்த 9 என்ற அழுத்தம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கடிதம் வாங்கச் சொல்லி நீ நச்சரித்தபோது உன்னை ஏசினேன், அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பையைத் தோளில் மாட்டியபோது வேறொரு பை நினைவுக்கு வந்தது. 2008 கடைசியில் சண்டைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பி மாத்தளன் கடற்கரை வரை போகும்வரை காணி உறுதியும் உங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பை ஒன்று என் தோளை விட்டு இறங்கவே இல்லை, உனக்கு நினைவிருக்கும். பங்கருக்குள் நான் குறட்டை விட்டதும், பக்கத்துக் குடும்பம் கேட்கிறது என்று அம்மா என் தொடையில் கிள்ளிக்கொண்டே இருந்ததும்கூட நினைவிருக்கும். அப்போது அதை எல்லாரும் பகிடியாய்த்தான் எடுத்தோம், அது வருத்தம் என்று யாருக்குத் தெரியும்.

சரி, முதல் இரவுக்கு வருகிறேன். ஒரு அறைக்கு மூன்று ஆண்கள். ஒருவர் மல்லாவியில் கடை வைத்திருக்கிறவர், மற்றவர் முல்லைத்தீவில் கடற்தொழில் செய்தவர். இரண்டு பேரும் உடுப்பு மாற்றி, திருநீறு பூசி, கதைத்துக்கொண்டு படுக்கிறார்கள். இதற்குள் நான் பையைத் திறந்து குழாயை இழுத்து, பட்டியை மண்டையில் மாட்டி, ஆஸ்பத்திரியில் கிடப்பவன் மாதிரி எப்படிப் படுப்பது? பிளக்கும் என் கட்டிலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில். ஒரு நாள்தானே என்று பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். அடுத்த நாள் கும்பகோணம், அங்கேயும் அதேதான். மல்லாவிக்காரர் "மாஸ்டர், நித்திரை வராட்டில் இதைப் போடுங்கோ" என்று ஒரு குளிசை நீட்டினார். அதை மட்டும் வாங்கவில்லை. நித்திரைக் குளிசை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்று டொக்டர் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார்.

அன்றிரவு இரண்டு மணி இருக்கும், யாரோ என் தோளைப் பிடித்து உலுப்புகிறார்கள். முல்லைத்தீவு அண்ணை. என் கட்டில் ஓரத்தில் குந்தி இருக்கிறார், கையில் டோர்ச் லைட். "மாஸ்டர், உங்கட மூச்சு நிண்டு நிண்டு வருது. நான் பன்ரண்டு மணியிலயிருந்து எண்ணிக்கொண்டு இருக்கிறன்" என்றார். முதல் நாளும் அவர் படுக்கவில்லையாம். கடலில் இரவிரவாய் முழித்துப் பழகிய மனுசன், எனக்குச் சொன்னால் நான் வெட்கப்படுவேன் என்று பேசாமல் காவல் இருந்திருக்கிறார். நான் மெஷினை மறைத்து அவரின் இரண்டு இரவு நித்திரையைக் கெடுத்துவிட்டேன். அப்போதும் நான் பையை எடுக்கவில்லை பார், காலையில் எடுக்கிறேன் என்று அவரைச் சமாளித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அதன் தண்டனை தஞ்சாவூரில் கிடைத்தது. முப்பது வருடம் வகுப்பில் பெரிய கோவிலைக் கரும்பலகையில் கீறிக் காட்டியவன் நான். இராஜராஜன், 1010, விமானம் 200 அடிக்கு மேல் என்று மாணவர்களுக்குப் பாடமாக்கிக் கொடுத்தவன். நேரில் போய் நின்றதும் வழிகாட்டித் தம்பி விமானத்தைக் காட்டிக் கதைக்கத் தொடங்கினான், நான் நந்தி மண்டபத்து நிழலில் ஒரு நிமிடம் குந்துவோம் என்று குந்தினேன். கண் திறந்தபோது எங்கள் ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். என் சேட்டின் முன்பக்கம் வீணீர். உள்ளே போய்ச் சுற்றிவர எனக்குக் கிடைத்தது கால் மணித்தியாலம். ஒருவரிடமும் சொல்லவில்லை, ஆனால் பஸ்ஸில் ஏறியபோது அழுகை வந்தது.

அன்றிரவு அறைக் கதவைச் சாத்தினதும் பையை எடுத்துக் கட்டில் மேல் வைத்துத் திறந்தேன். மல்லாவிக்காரர், "ஒட்சிசனோ மாஸ்டர்?" என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை, இந்த அறைக் காற்றைத்தான் இழுத்துக் கொஞ்சம் அழுத்தித் தள்ளுகிறது, நித்திரையில் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் அந்தக் காற்றுத் திறந்து வைத்திருக்கிறது என்று பாடம் நடத்தினேன். முகமூடியை மாட்டிக் குழாய் முன்னால் தொங்க நான் திரும்பியதும் முல்லைத்தீவு அண்ணை எழும்பி நின்று கும்பிட்டார். "பிள்ளையாரப்பா!" அவ்வளவுதான், அடுத்த நாள் பஸ் முழுக்கக் கதை பரவி, கடைசி நாள் வரை நான் பிள்ளையார் மாஸ்டர். பழனியில் ஒரு அம்மா, "தம்பியின்ர மலைக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்திட்டம்" என்றா. விஞ்சில் போகாமல் படி ஏறினேன் பிள்ளை. இருந்து இருந்துதான், ஆனாலும் ஏறினேன்.

பிளக் விசயத்தில் நீ பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கனடா வயரின் தட்டைக் காலுக்கு நீ வைத்த மாற்றி சில இடங்களில் ஆடியது, ஆனால் கரண்ட் பெட்டியில் 100–240 என்று அடித்திருப்பதால் அங்குள்ள 230 வோல்ட் அதற்குப் பழக்கம்தான், இங்கேயும் அதே 230 தானே. போதாமல் போனது வயரின் நீளம்தான். மூன்றாம் நாளே தஞ்சாவூர்க் கடை ஒன்றில் ஐந்து மீற்றர் எக்ஸ்டென்சன் வயர் வாங்கினேன். அடுத்த முறை முதலில் பையில் வைக்க வேண்டியது அது.

தண்ணீர் ஒரு கரைச்சல். மெஷின் தள்ளும் காற்றை ஈரமாக்குகிற ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்ட் வாட்டர்தானே ஊற்ற வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்குள் படியவிடும் வெள்ளைப் படையைப் பார்த்தவனுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. ட்ரைவர் தம்பி பற்றரிக்கு விடும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை அன்பாய்க் கொண்டுவந்து நீட்டினான். மூச்சு எடுக்கிற சாமானுக்கு அது வேண்டாம் என்று சொல்லி மருந்துக் கடையில் வாங்கினேன். இராமேஸ்வரத்தில் கடற்காற்றே ஈரம், தொட்டியை வெறுமையாய் விட்டுப் படுத்தேன், தொண்டை காயவில்லை. ஆனால் மதுரையில் ஒரு மடைத்தனம் செய்தேன். காலையில் அவசரத்தில் தொட்டியை ஊற்றாமல் அப்படியே பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். ஒரு பள்ளத்தில் பஸ் துள்ளியது, வேட்டி நனைந்தது. பின் சீற்றில் இருந்த ஆச்சி, "மாஸ்டரின்ர பைக்கு நீர்க்கடுப்போ" என்றா. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மோட்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் மெஷின் முடிந்தது. பகல் முழுக்கப் பிளக் போடாமல் திறந்து வைத்துக் காயவிட்டேன். இரவு போட்டபோது வேலை செய்தது. அன்றிலிருந்து பல் தீட்ட முதல் தொட்டியை ஊற்றுகிறேன்.

அப்புறம், உன் செயலியில் மூன்றாவதாய் ஒரு பூச்சியமும் இருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை. இராமேஸ்வரத்தில் இருந்து சென்னைக்கு இரவு ரயில். அந்த ரயிலை இன்னும் போட் மெயில் என்கிறார்கள். உன் அப்பப்பா 1964 புயலுக்கு முதல் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி அதில் போனவர். புதுப் பாம்பன் பாலத்தில் போகும்போது அவரை நினைத்துக்கொண்டேன். ரயிலில் போன் சார்ஜ் போடும் பிளக்குகளுக்கு இரவில் கரண்டை நிறுத்திவிடுவார்கள், நம்ப வேண்டாம் என்று வழிகாட்டித் தம்பி முன்னமே சொல்லிவிட்டான். பையை முதுகுக்கு முட்டுக்கொடுத்துச் சரிந்து படுத்தேன். முல்லைத்தீவு அண்ணை எதிர்க் கட்டிலில். "நீங்கள் படுங்கோ, நான் பாக்கிறன்" என்றார். நான் படுக்கவில்லை, இரண்டு பேரும் விடியும்வரை கதைத்துக்கொண்டு வந்தோம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். வருகிற வருடம் இதே ஆட்கள் காசிக்குப் போகிறார்கள், இரண்டு இரவு ரயிலில். நானும் பெயர் கொடுத்துவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த மெஷினுக்குப் பொருந்துகிற பற்றரி ஒன்று பார்த்து அனுப்பு. 100 வாட்-மணிக்கு மேல் போகவேண்டாம், அதற்கு மேல் என்றால் விமானக் கம்பனியிடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். கொண்டுவருகிறவரிடம் சொல், கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டிக்குள் போடக்கூடாது. ஈரப்பதச் சூட்டை நிறுத்திவிட்டால் ஒரு இரவுக்குக் காணும் என்று நினைக்கிறேன், நீ கடைக்காரரிடம் கேட்டுப் பார். விலை கூடவென்றால் விடு, நான் கதைத்துக்கொண்டு போவேன்.

மாடு நான் இல்லாத நேரம் கன்று போட்டிருக்கிறது, நாகு. நெற்றியில் வெள்ளை. பெயர் உன்னைக் கேட்டுத்தான் வைப்பேன் என்று அம்மா நிற்கிறாள், ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா