கேப்டன் சாருக்கு, அன்று சக்கரம் பிடித்தவன் எழுதுவது

மதிப்பிற்குரிய கேப்டன் சார்,

டிசம்பர் 4, கடற்படை நாள் விழாவில் தொகுப்பாளர் உங்களை ஒரு படி மேலே ஏற்றிக் "கமடோர்" என்று அழைத்தார். நீங்கள் மைக்கை வாங்கி, "கேப்டன்தான்" என்று திருத்திவிட்டு உட்கார்ந்தீர்கள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நம்ம சேலத்தில் கேப்டன் என்றால் விஜயகாந்த். இல்லாவிட்டால் தோளில் மூன்று நட்சத்திரம் வைத்த ராணுவப் பையன். கடற்படைக் கேப்டன் ராணுவக் கர்னலுக்குச் சமம் என்று கடைசி வரிசையிலிருந்து நான் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அன்றும் வாய் திறக்கவில்லை.

நான் சக்கரம் பிடித்திருந்தபோது உங்கள் கப்பல் கால்வாயில் தரை தட்டிய நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தக் கப்பல், எந்தக் கால்வாய், எந்த வருஷம் என்பது இங்கே வராது. பழைய ஆட்கள் நிறையப் பேர் படிக்கிறார்கள்.

அன்று கப்பலின் அடிப்பாகமான கீலுக்குக் கீழே 2 மீட்டர் தண்ணீர் என்று கணக்கு. நிற்கிற கப்பலுக்கு அது சரி. ஓடுகிற கப்பல் தண்ணீரில் அமரும். எவ்வளவு அமரும் என்பதற்கு, குறுகிய கால்வாயில், நாட்ஸில் (மணிக்கு இத்தனை கடல் மைல்) உள்ள வேகத்தின் வர்க்கத்தை பிளாக் கோஎஃபிஷியன்ட்டால், அதாவது கப்பல் எவ்வளவு பருத்தது என்று காட்டும் எண்ணால், பெருக்கி 50-ஆல் வகுப்பார்கள். விடை மீட்டரில் வரும். நம்முடையது மாதிரி மெலிந்த கப்பலுக்கு 0.5 வைத்தால், 8 நாட்ஸில் 64 சென்டிமீட்டர். 12 நாட்ஸில் 1.44 மீட்டர். மிச்சமிருந்த 56 சென்டிமீட்டரை மழைக்காலத்து வண்டல் எடுத்துக்கொண்டது. எண்ணெய்க் கப்பல் மாதிரிப் பருத்தது என்றால் மூக்கு முதலில் இறங்கும். போர்க்கப்பல் பின்பக்கம் அமரும், அதனால்தான் அடி ப்ரொப்பெல்லரில் விழுந்தது.

இதெல்லாம் விசாரணையில் வந்தது. வராதது ஒன்று இருக்கிறது.

அடித்தரை நெருங்கினால் சக்கரம் பிடித்தவனுக்குத்தான் முதலில் தெரியும். சக்கரம் கனக்காது, ஹைட்ராலிக்கில் கனம் ஏது. கப்பல் பதில் சொல்லத் தாமதிக்கும். 5 டிகிரி சுக்கானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது 10 கேட்கும், அப்புறம் 15 கேட்கும். திரும்ப ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதற்கு எதிர்ப்பக்கமும் அதே அளவு வேண்டும். எஞ்சின் சுற்று அப்படியே இருக்க வேகம் விழும், பின்னால் அலை எழும். அலையை நான் பார்க்கவில்லை, என் கண் திசை காட்டும் ஜைரோவில் இருந்தது. கைக்கு மட்டும் தெரிந்தது. நீரோட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "ஷிப் ஸ்லோ டு ஆன்சர், சார்" என்று நான் சொன்னபோது காலடித் தளம் அதிர ஆரம்பித்திருந்தது.

கைக்குத் தெரிந்ததிலிருந்து வாய் திறக்க இரண்டு நிமிடம், சார். 12 நாட்ஸில் நிமிடத்துக்கு 370 மீட்டர். 740 மீட்டர் தூரம் தெரிந்தே ஓட்டினேன். 12-லிருந்து 8-க்கு இறக்க அது போதும்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முந்தின மாதம் வேறொரு பையன் சக்கரத்திலிருந்து ஏதோ சொன்னபோது, எல்லார் முன்னாலும் "கோர்ஸைப் பிடி, உன் அபிப்பிராயம் வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் விட்டீர்களே, அது ஞாபகம் இருக்கிறதா? அதன் பிறகு ஆர்டரைத் திருப்பிச் சொல்வது, செய்து முடித்து "ஃபிஃப்டீன் ஆஃப் ஸ்டார்போர்டு வீல் ஆன், சார்" (வலப்பக்கம் 15 டிகிரி வைத்தாயிற்று) என்பது, அவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். 12 நாட்ஸும் உங்கள் ஆர்டர்தான்.

இரவு 12 மணிக்கு வாட்ச் ஏறுகிறவர்களுக்காக ஏற்காட்டுக் காப்பித்தூளை ஃபில்டரோடு கப்பல் அடுப்படிக்குக் கொடுத்து வைத்தவரும் நீங்கள்தான். நான் அம்மாப்பேட்டை என்று தெரிந்தும், கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. விசாரணை அறைக்கு வெளியே மட்டும் பேசினீர்கள்: "பயப்படாதப்பா. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

இந்த வரியை மூன்று முறை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எந்தச் சாட்சிக்கும் யாரும் சொல்வதுதான். படிக்கிறவர்கள் வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம். நான்தான் எடுத்துக்கொண்டேன். ஆர்டர் என்ன, எப்போது வந்தது, திருப்பிச் சொன்னாயா என்று கேட்டார்கள், சொன்னேன். கப்பல் எப்போது மந்தமானது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்கள் கொடுத்த சொல்லுக்குள் ஒளிந்துகொண்டேன்.

எது நடந்தாலும் கேப்டன் பொறுப்பு, சக்கரம் பிடித்தவனின் இரண்டு நிமிடம் எதையும் மாற்றியிருக்காது என்று எனக்கு நானே பலமுறை சொல்லியாயிற்று. அது எவ்வளவு தூரம் சரி என்பது உங்களுக்குத்தான் தெரியும். கேப்டனுக்கு ஒரு படி கீழே, கமாண்டர் வரைக்கும் பதவி உயர்வு வருஷக் கணக்கு, 13 வருஷ சர்வீஸில் அது வந்துவிடும். அதற்கு மேல் ஆளைத் தேர்ந்தெடுப்பது போர்டு. போர்டு முதலில் புரட்டுவது கப்பலை நடத்திய காலத்து ரிப்போர்ட்டை. அதில் அதிருப்திக் கடிதம் ஒன்று பதிவாகியிருந்தால், பக்கத்திலேயே சுத்தமான ரிப்போர்ட்டோடு நாலு பேர் இருக்கும்போது, எதற்கு உங்களை எடுப்பார்கள்? 56 வயதில் அதே கேப்டனின் நாலு பட்டையோடு இறங்கினீர்கள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் அம்மாப்பேட்டை பக்கம் ஒரு தடவை வண்டியை நிறுத்தியிருக்கக் கூடாதா? கோபமாவது பட்டிருக்கலாம்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் மேலே வருகிறேன். 20-வது கொண்டை ஊசி தாண்டியதும் போன் செய்வேன். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குவார்ட்டர் மாஸ்டர்